செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசர் என்பதெல்லாம் வெறும் விளம்பரம்தானா?

கேபிள் வந்துவிட்ட ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நான் சரக்குக் கப்பலில் மின் அதிகாரி, 14 வருஷ சர்வீஸ். விண்வெளித் துறை ஆள் இல்லை. எந்த நிறுவனத்துக்கும் பரிந்து பேசவும் வரவில்லை.

லேசர் இல்லாத செயற்கைக்கோள், கப்பல் அனுப்புவதை வாங்கி அப்படியே தரை நிலையத்துக்கு இறக்கிவிடும். அவ்வளவுதான். இணையம் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பறப்பது சுமார் 550 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து கப்பலும் தரை நிலையமும் ஒரே நேரத்தில் தெரிந்தாக வேண்டும். நடு பசிபிக்கில் நிலையத்துக்கு எங்கே போவது? 2021 முதல் லேசரோடு ஏவத் தொடங்கியதே இதற்காகத்தான். ஒரு செயற்கைக்கோள் தகவலை லேசர் வழியே அடுத்ததற்குக் கைமாற்றும், அது அதற்கடுத்ததற்கு. கரை தெரிகிற ஒன்று கீழே இறக்கும். மணிக்கு 27,000 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே அந்த மெல்லிய ஒளிக்கற்றையை நழுவவிடாமல் பிடித்திருக்கின்றன. ஒரு இணைப்பில் நொடிக்கு 100 கிகாபிட் வரை போகும்.

"ஐரோப்பா 2001லேயே செய்ததுதானே" என்று யாராவது வருவீர்கள். செய்தார்கள், ஆர்ட்டெமிஸ், ஸ்பாட் 4 என்ற இரண்டு செயற்கைக்கோள்களுக்கு நடுவே, நொடிக்கு 50 மெகாபிட். அது ஒரே ஒரு ஜோடி. ஆயிரக்கணக்கில் வலையாகப் பின்னியது இப்போதுதான்.

எங்கள் கப்பலில் முன்பு இருந்தது விசாட் என்ற பழைய வகைச் செயற்கைக்கோள் இணைப்பு. அந்தச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில். நான் பேசி, அம்மா பதில் சொல்லி, அது என் காதுக்கு வர அரை நொடிக்கு மேல் ஆகும். அம்மாவுக்கு ஒரு காது மந்தம். சத்தம் வராத அந்த இடைவெளியில் லைன் போய்விட்டது என்று நினைத்து "எய்யா, கேக்கா? கேக்கா?" என்பாள். அதே நேரம் என் பதிலும் போய்ச் சேரும், இரண்டும் மோதும். தூத்துக்குடியிலிருந்து அந்த "கேக்கா" மட்டும் வாங்கிக்கொண்டு வைத்த நாட்கள் எத்தனையோ.

புது ஸ்டார்லிங்க் ஆன்டெனாவை மங்கி ஐலண்டில், அதாவது கப்பலின் உச்சித் தளத்தில், பொருத்தி, கேபிள் இழுத்தது நான்தான். பனாமாவை விட்டு எட்டாம் நாள், சுற்றிலும் தண்ணீர். அம்மாவைக் கூப்பிட்டேன். சாப்பிடவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்து திட்டினாள். பத்து வருஷத்தில் கடலில் இருக்கும்போது அவள் என் பேச்சில் குறுக்கிட்டது அன்றைக்குத்தான். ஒரு "கேக்கா" கூட இல்லை.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வானத்தில் இத்தனை வேகம் வந்தும் எங்கள் கம்பெனியில் அதிகாரிகளுக்கு மாதம் 15 ஜிபி, ரேட்டிங்ஸுக்கு, அதாவது அதிகாரி அல்லாத மாலுமிகளுக்கு, 5 ஜிபி. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இயன்றவரை மாலுமிகளுக்கு இணையம் தர வேண்டும், காசு வாங்கினால் நியாயமாக வாங்க வேண்டும் என்கிறது. இயந்திர அறையில் வேலை பார்க்கும் எங்கள் ஆயில்மேனுக்குப் போன மாதம் 19ஆம் தேதியே டேட்டா தீர்ந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு. மீதி நாளெல்லாம் என் கேபினில் வந்து என் போனில்தான் பேசினான்.