இரவு வேலை, இரண்டு பிள்ளைகள்: இதோடு ஆர்பிஎன் படிக்க முடியுமா?

கனடாவின் ஒன்ராறியோவில் பிஎஸ்டபிள்யூவாக (முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளராக) வேலை செய்யும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: முதியோர் இல்லத்தில் இரவு வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், வயது நாற்பதை நெருங்குகிறது, இரண்டு வருட ஆர்பிஎன் (டிப்ளோமா படித்துப் பதிவு பெறும் நேர்ஸ்) படிப்பில் சேரலாமா, நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

நானும் அதே வழியால் வந்தவள்தான். ஸ்காபரோவில் இருந்துகொண்டு 2022 ஜனவரியில் தொடங்கி 2023 டிசம்பரில் முடித்தேன். தொடங்கும்போது எனக்கு 39 வயது. மகளுக்கு பதினொன்று, மகனுக்கு ஏழு.

முடியும். ஆனால் பங்கிடுகிற கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பாடத்தை பஸ்சிலும் வாசிக்கலாம், குசினியில் கறி கொதிக்கும்போதும் வாசிக்கலாம். பிளேஸ்மென்ட், அதாவது ஆஸ்பத்திரியில் போய்ச் செய்யும் நேரடிப் பயிற்சி, அப்படி இல்லை. காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி என்பது எனக்குப் பல தடவை செமஸ்டர் தொடங்கச் சில நாட்களுக்கு முன்தான் தெரிந்தது. அதற்குமுன் நீங்கள் போட்டு வைத்த அட்டவணை எல்லாம் குப்பைக்குத்தான்.

முதல் செமஸ்டரில் நான் வாரம் நாலு இரவு வேலையை அப்படியே வைத்துக்கொண்டேன். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை வேலை, பிறகு வகுப்பு, மத்தியானம் நித்திரை என்று நினைப்பு. மருந்துக் கணக்குப் பரீட்சைக்கும் வேலை முடித்து நேராகத்தான் போனேன். ஒரு கேள்வி: டிகொக்சின் 0.125 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருக்கிறார், கையில் இருப்பது 0.25 மில்லிகிராம் மாத்திரை. அரை மாத்திரை, அவ்வளவுதான். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் முன்னால் பூச்சியம் போடாமல் '.5' என்று எழுதிவிட்டேன். பிழை என்று போட்டார்கள். இன்னொரு கேள்வியிலும் இப்படியே கவனக்குறைவு. பாஸ் இல்லை.

எனக்குக் கோபம். ஆசிரியரிடம் போய்க் கதைத்தேன். அவர் வாக்குவாதப்படவில்லை. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, இதை வாசியுங்கள் என்றார். புள்ளி தெரியவில்லை. வெறும் 5. "ஐந்து மாத்திரை. பத்து மடங்கு. இதய மருந்து" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை எழுதுவதற்கு முதல்நாள் இரவு வேலைக்குப் போகாமல் படுத்து எழும்பிப் போனேன். ஒரு பிழையும் இல்லை.

அடுத்த வாரமே வேலையிடத்தில் இரண்டு இரவாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். சும்மா குறைக்கவில்லை, முழுநேர இடத்தை விட வேண்டி வந்தது. அதோடு பல்லுக்கும் கண்ணாடிக்கும் இருந்த காப்புறுதியும் போனது. அதனால் காசுக் கணக்கை முதலே பாருங்கள். முழுநேர ஓசாப் (மாகாண அரசின் மாணவர் காசுதவி) கிடைக்க வேண்டுமென்றால் முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 சதவீதமாவது எடுக்க வேண்டும். ஒரு பாடத்தைக் கைவிடுமுன் இதை யோசியுங்கள். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் காசு) போன வருட வருமானத்தை வைத்து ஜூலையில்தான் மாறும். இந்த வருடம் சம்பளம் குறைந்தால் அந்தக் காசு கூடி வருவது அடுத்த ஜூலையில். இடையில் உள்ள மாதங்கள்தான் கழுத்தைப் பிடிக்கும். பிகின் என்று ஒரு உதவித் திட்டமும் வந்தது: முதியோர் இல்லத்திலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை செய்கிற பிஎஸ்டபிள்யூக்களின் படிப்புச் செலவுக்குக் காசு தருவார்கள், ஆனால் படித்து முடித்து அந்தத் துறையிலேயே குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். விண்ணப்பிக்குமுன் அதை விசாரியுங்கள்.

வீட்டு விஷயம். "எனக்கு உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. காலை நேரம் முழுக்க என் கணவருடையது என்று ஒப்படைத்தேன்: சாப்பாடு கட்டுவது, பள்ளி பஸ், ஆசிரியர் அனுப்பும் கடிதத்தில் கையெழுத்து. முதல் பனிநாளில் மகனை பூட்ஸ் இல்லாமல் அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்து எனக்குத்தான் போன் வந்தது. அவருடைய இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அது மனம் கேட்காத வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு பூட்ஸ் மறக்கவில்லை.

மாமிக்கு இடியப்பம்தான் பிரச்சினை. கடையில் வாங்கினால் "மெழுகு மாதிரி இருக்கு" என்பார். இரண்டு மாதம் அந்த மெழுகையே சாப்பிட்டோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மாவைக் குழைத்துப் பிழியத் தொடங்கினார். நான் கேட்டிருந்தால் செய்திருப்பாரா தெரியாது.

கொண்டாட்டங்களையும் சொல்ல வேண்டும். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஸ்காபரோவில் சனிக்கிழமைக்குப் பஞ்சமில்லை. அந்த இரண்டு வருடமும் செத்தவீட்டுக்கு மட்டும் போனேன். கதை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

இன்னொன்று, யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது. பிஎஸ்டபிள்யூ அனுபவம் கைகொடுக்கும், அதேநேரம் காலையும் வாரும். முதல் பிளேஸ்மென்டில் மற்றவர்கள் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டத் தடுமாறும்போது நான் மூன்று பேரை முடித்திருந்தேன். பாராட்டு வரும் என்று பார்த்தால், ஒரு அம்மாவின் குதிக்கால் சிவந்திருப்பதைப் பற்றி ஆசிரியர் கேட்டார். கண்டேன், நேர்சிடம் சொன்னேன் என்றேன். "நீங்கள்தான் நேர்ஸ். அழுத்திப் பார்த்தீர்களா?" விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பத்து வருடமாகச் சிவப்பைக் கண்டு சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை. இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் எனக்கு வாசிப்பதைவிட அதிகம் பாடுபட வேண்டியிருந்தது.

கடைசி செமஸ்டரில் ஒரு நேர்சின் கீழ் அவருடைய அட்டவணைப்படியே நிற்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட், இரவும் வார இறுதியும் சேர்த்து. அப்போது வேலைக்கு முழுதாக லீவு போட்டேன். அந்த நாலு மாதச் செலவை எப்படியாவது கையில் வைத்திருங்கள்.

படித்து முடித்தபின் ஆர்பிஎன் பதிவுக்கு எழுதும் ரெக்ஸ்-பிஎன் பரீட்சைக்கு இப்போதே பயப்பட வேண்டாம். கணினி உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தரும். குறைந்தது 90, கூடியது 150, நேரம் நாலு மணி. எனக்கு 90-இல் நிற்கவில்லை, அதற்குமேல் ஒவ்வொரு கேள்வியும் வயிற்றைப் பிசைந்தது. பாஸ்தான்.

வயதை விடுங்கள், என் வகுப்பில் என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கல்லூரி தகவல் நாளுக்குப் போனால் இரண்டு விஷயம் கேளுங்கள். பின்னேர பிளேஸ்மென்ட் கிடைக்குமா? ஒரு பாடத்தில் தவறினால் அது மறுபடி எப்போது வரும்? என்னோடு படித்த ஒருத்திக்கு ஒரு பாடம் போய், அது திரும்ப வரும்வரை எட்டு மாதம் காத்திருந்தாள். அவளும் பரீட்சைக்கு முதல்நாள் இரவு வேலைக்குப் போனவள்தான்.