டிஐ எஞ்சின் ஏறிய பழைய ஜீப்புக்கு எந்த கியர் பாக்ஸ்?

போடி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய மஹிந்திரா எம்எம் 540. பீஜோ எஞ்சின் ஓய்ந்துபோய், 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் எஞ்சின் ஏற்றி, ஆர்சி-யிலும் மாற்றிவிட்டேன். மலையில் மூட்டையோடு அருமையாக இழுக்கிறது. ஆனால் தேனி ரோட்டில் 65-ஐத் தாண்டினால் கத்துகிறது, 75-க்கு மேல் போவதே இல்லை. இருப்பது நாலு கியர், ஆக்சில் பழசு. ஒரு மெக்கானிக் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை மாற்று என்கிறார், இன்னொருவர் அஞ்சு கியர் பாக்ஸ் போடு என்கிறார். எது சரி?"

அஞ்சு கியர் பாக்ஸ்தான் சரி. ஆனால் "ஒரு கியர் கூட இருக்கிறதே" என்பதற்காக இல்லை. கியர் எத்தனை என்பது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். எஞ்சின் எவ்வளவு சுற்றும், அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போகும்போது எத்தனையால் வகுபடுகிறது, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் பழைய பீஜோ எஞ்சின் 4000 ஆர்பிஎம்மைத் தாண்டியும் சுற்றும் ரகம். டிஐ அப்படியில்லை, கீழே இருந்தே இழுக்கும், 3200 பக்கம் வந்ததும் பம்பில் இருக்கும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும், அதற்கு மேல் மிதித்தும் பலனில்லை. இப்போது கணக்குக்கு வாருங்கள். இந்த ஜீப்புகளின் ஆக்சில் ரேஷியோ பெரும்பாலும் 5.38, அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல், சக்கரம் ஒரு சுற்று சுற்ற பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். நாலாவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. பீஜோ 4000 சுற்றினால் வண்டி மணிக்கு 98 கிலோமீட்டர் போகும். டிஐ தன் உச்சமான 3200-இல் 78 தான். நீங்கள் சொன்ன "75-க்கு மேல் போவதில்லை" இதுதான். எஞ்சினில் குறையில்லை, பாக்ஸிலும் குறையில்லை. வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்காகப் போட்ட ஆக்சிலில் மெதுவாகச் சுற்றும் எஞ்சினை மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் பேச்சை நம்பாமல் ஆக்சிலை நீங்களே எண்ணிப் பார்த்துவிடுங்கள், சந்தைக்குச் சந்தை கைமாறிய வண்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் பின்னால் ஒன்றுக்கும் கட்டை கொடுத்து, மற்ற பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும், முன் ஆக்சில் சேர்ந்திருக்கக் கூடாது. பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஐந்தும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலும் வந்தால் 5.38. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியலுக்குள் வேகம் பாதியாகும், அதனால்தான் இரண்டு சுற்று.

சரி, கிரவுன் பினியன் மாற்றச் சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. 4.27 போட்டால் அதே 3200-இல் 99 போகும். ஐந்தாவது கியர் 0.8 என்று இருக்கிற பாக்ஸைப் போட்டு 5.38-ஐ அப்படியே விட்டாலும் 98 வரும். ரோட்டில் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் மலையில் தெரியும். ஆக்சிலை மாற்றினால் முதல் கியர், ரிவர்ஸ், லோ (ஃபோர் வீலில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு போகும் நிலை) எல்லாமே நாலில் ஒரு பங்கு வேகமாகிவிடும். ஈரத்தில், மூட்டையோடு, தோட்டத்துப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறிய இடத்தில் பாதி கிளட்ச் பிடிக்க வேண்டி வரும், கிளட்ச் பிளேட் தீயும் வாசனையை நீங்களே அறிவீர்கள். போதாததற்கு இது ஃபோர் வீல் டிரைவ். பின்னால் 4.27 போட்டால் முன்னாலும் 4.27 போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். முழுக்க ரோட்டில் ஓடும் வண்டி என்றால் நானே ஆக்சிலை மாற்றச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் மலை.

அப்புறம், எந்த அஞ்சு கியர் பாக்ஸ்? டிஐ எஞ்சினுக்குப் பின்னால் கம்பெனியே வைத்து அனுப்பியதை எடுங்கள். பொலிரோ டிஐ-யில் வந்த என்ஜிடி 520 போன்றது. கீழ்ச்சுற்றில் டீசல் கொடுக்கிற உதறலும் இழுவையும் பல்லுக்குப் பல் இடிக்கும், அதைத் தாங்கவென்றே செய்த பாக்ஸ் வேறு, பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய அழகான அஞ்சு கியர் வேறு. ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய இரும்புக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் டூ வீல் வண்டியின் பாக்ஸ், அதன் வால் பகுதியில் டிரான்ஸ்பர் கேஸ், அதாவது முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, உட்காராது. ஃபோர் வீல் வண்டியின் பாக்ஸை டிரான்ஸ்பர் கேஸோடு சேர்த்து வாங்க முடிந்தால் மிக நல்லது. அதிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: உங்கள் பின் ஆக்சிலின் குண்டு (கிரவுன் பினியன் இருக்கும் உருண்டைப் பகுதி) நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறதா? டிரான்ஸ்பர் கேஸின் பின் வாயும் அதற்கு நேராக வர வேண்டும். ஒன்று ஒதுங்கி ஒன்று நடுவில் என்றால் ஷாஃப்ட் கோணலாக ஓடி முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்டை மாதம் ஒன்று கேட்கும்.

வாங்குமுன் முதல் கியரின் ரேஷியோவையும் எண்ணிவிடுங்கள். பாக்ஸைக் கீழே வைத்து, முதல் கியர் போட்டு, வெளி ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற உள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்தால் போதும். இப்போது உங்களிடம் இருக்கும் முதல் கியரை விட அது குறைவாக வந்தால் வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஐந்தாவதையும் இதே மாதிரி எண்ணலாம், உள் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுற்ற வேண்டும்.

மாட்டும்போது நான் ஒருமுறை பட்ட பாடு இருக்கிறது. பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் ஓட்டைகள் பொருந்தின, கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைனும் பொருந்தியது, மகிழ்ச்சியாக போல்ட்டை இறுக்க இறுக்க கடைசி அரை சென்டிமீட்டர் மட்டும் மூடவில்லை. பட்டறைக்காரர் "இறுக்குங்க, உட்கார்ந்துடும்" என்றார், நானும் இறுக்கினேன். உள் ஷாஃப்டின் நுனி நீளம் கூடுதல், அதைத் தாங்கும் பைலட் பேரிங்கைத் தாண்டிப்போய் கிராங்க்கில் முட்டிக்கொண்டிருந்தது. ஹவுசிங் காது விண்டது. ஆகவே நுனியின் நீளம், தடிமன் இரண்டையும் பழைய பாக்ஸோடு வெர்னியர் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். கையால் தள்ளியே முழுக்க மூட வேண்டும், போல்ட் இழுத்து மூடக் கூடாது.

பாக்ஸ் நீளம் கூடினால் பின் ஷாஃப்ட் சிறுக்கும், முன் ஷாஃப்ட் நீளும். குறுக்குச் சட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். ஷாஃப்டை வெட்டி வெல்டிங் வைத்தால் கட்டாயம் பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 70-இல் இருக்கை உதறும்.

மாட்டிய பிறகு ஐந்தாவதை 60-க்குக் கீழே போடாதீர்கள். 60-இல் எஞ்சின் 1950 பக்கம்தான் சுற்றும், சமதரையில் அது போதும், மேட்டில் நாலுக்கு இறக்கிவிடுங்கள். பாரத்தோடு மலை ஏறும்போது ஹை-யில் முதல் கியரைப் போட்டு வதைக்காமல் லோ-வுக்கு மாறுங்கள். லோ-வின் பெருக்கல் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸில் நடக்கிறது, அதனால் சக்கரத்தில் அதே இழுவை கிடைக்க பாக்ஸின் பல்லுக்குப் பாரம் குறைகிறது. ஆனால் பிடிப்பில்லாத தரையில் மட்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலும் லோ-வும் போட்டு வளைவு திருப்பாதீர்கள்.