ஆட ஆறு பேர், வாங்க ஒருவர்: பாத்திரமேற்பு விளையாட்டு விற்போரின் கேள்விகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஒரு கதையை ஆடும், டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளைச் சிறு கடைகளில் விற்போர் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் கடை மேசையில் வாரந்தோறும் ஆறு பேர் கூடி ஆடுகிறார்கள். ஆனால் புத்தகம் வாங்கியவர் ஒருவர்தான். கூட்டம் இருந்தும் விற்பனை ஏன் இல்லை?

இந்த விளையாட்டின் அமைப்பே அப்படிப்பட்டது. 1993இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் போன்ற சீட்டு விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்கென ஒரு கட்டு சேர்த்தாக வேண்டும், புதிய தொகுதி வரும்போதெல்லாம் அவர் மீண்டும் கடைக்கு வருகிறார். பாத்திரமேற்பு விளையாட்டிலோ ஒரு விதிநூலும் ஒரு பகடைத் தொகுதியும் தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு குழு ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கலாம். அந்த விதிநூலையும் பெரும்பாலும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரே வாங்குவார். மற்றவர்கள் அவரிடம் இரவல் பெற்றுக்கொள்வார்கள்.

ஆகவே, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையைவிட, உங்கள் கடையில் உருவாகும் கேம் மாஸ்டர்களின் எண்ணிக்கையைக் கணக்கில் வையுங்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் தனியாக ஒரு குழுவை நடத்தத் துணிந்தால், விதிநூல், எதிரிகளின் விவரநூல், சாகசநூல், குறிப்புகளை மறைக்கும் திரை, வரைபட விரிப்பு என அனைத்தும் அவருக்குத் தேவைப்படும். அதற்கான துணிவைத் தருவதுதான் கடைக்காரரின் உண்மையான விற்பனைப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரே அமர்வில் முடியும் சிறு சாகசங்களைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள ஒருவரை அருகில் அமர்த்தி, புதியவர் ஒருவரை நடத்தச் சொல்லுங்கள். மேலும், முடிவே இல்லாமல் நீளும் தொடராட்டங்களுக்கு மட்டும் மேசையைக் கொடுத்துவிடாதீர்கள். ஓராண்டாக அதே ஆறு பேர் அமர்ந்திருக்கும் மேசையில் ஏழாவது ஆளுக்கு இடம் கிடைப்பதில்லை. 2008இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டி, 2014இல் தொடங்கிய அட்வென்ச்சரர்ஸ் லீக் போன்ற பொது ஆட்டத் திட்டங்கள், யார் வேண்டுமானாலும் எந்த வாரமும் வந்து அமரும் வகையில் வடிவமைக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

கேள்வி: இணையத்தில் அதே நூல் 30 சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது. நாங்களும் விலையைக் குறைக்கலாமா?

வேண்டாம். விநியோகஸ்தரிடமிருந்து கடைக்குக் கிடைக்கும் கழிவு பொதுவாக 40 முதல் 50 சதவீதம்வரை இருக்கும். அட்டை விலையை 100 என்றும் உங்கள் கொள்முதல் விலையை 55 என்றும் கொண்டால், வாடகைக்கும் சம்பளத்துக்கும் முன்னால் கையில் நிற்பது 45. நீங்கள் 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் அது 25 ஆகிவிடும். முன்பு ஐந்து பிரதிகளில் கிடைத்த தொகைக்கு இப்போது ஒன்பது பிரதிகள் விற்க வேண்டும். அதே விதிநூலுக்கு அத்தனை புதிய வாங்குநர்கள் ஒரு சிறு கடையின் சுற்றுவட்டத்தில் இருக்கமாட்டார்கள்.

கடைக்கென்றே பதிப்பாளர்கள் தரும் பொருள்களைத் தவறவிடாதீர்கள். இத்துறையின் மிகப் பிரபலமான விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வெளியீட்டாளர்கள் 2016 முதல் பல நூல்களுக்கு விளையாட்டுக் கடைகளில் மட்டும் கிடைக்கும் மாற்று அட்டைப் பதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். சில நூல்களைப் பெரிய அங்காடிகளுக்கு முன்பாகவே கடைகளுக்கு அனுப்பினார்கள். இவற்றை முன்பதிவாக விற்றுவிட்டால் விலைப் போட்டியே எழாது. பகடை, மினியேச்சர் எனப்படும் சிற்றுருவங்கள், உறைகள் போன்றவற்றை மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியாக வாங்குகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: புதிய பதிப்பு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் பழைய நூல்கள் நகர்வதில்லை. என்ன செய்வது?

1974இல் முதன்முதலாக வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மூன்றாம் பதிப்பு 2000இல், அதன் திருத்தம் 2003இல், நான்காம் பதிப்பு 2008இல், ஐந்தாம் பதிப்பு 2014இல், அதன் திருத்திய நூல்கள் 2024 முதல் என்று மாற்றங்கள் தொடர்ந்திருக்கின்றன. இவற்றில் 2003ஆம் ஆண்டு தரும் பாடத்தைக் கடைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அதன் விதிகளைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்து 2000இல் வந்த திறந்த உரிமத்தால், வேறு பல நிறுவனங்களும் அதே விதிமுறைக்குத் துணைநூல்களை அச்சிட்டுக் குவித்தன; தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிய கடைகளில், மூன்றே ஆண்டுகளில் வந்த திருத்தம் அந்தச் சரக்கு முழுவதையும் தேங்க வைத்தது. மைய நூல் மாறினால் அதைச் சார்ந்த நூல்கள் அனைத்தும் ஒரே நாளில் பழையதாகிவிடும் என்பதே இத்தொழிலின் மிகப் பெரிய இடர்.

அறிவிப்பு வந்தவுடன் மைய விதிநூல்களின் மறு கொள்முதலை நிறுத்திவிட்டு, இருப்பை உடனே, நட்டமானாலும், குறைத்து விற்றுவிடுங்கள். விலையைக் குறைக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். சாகசநூல்களுக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. 2014 விதிகளுக்கு எழுதப்பட்ட சாகசங்களை 2024 நூல்களோடும் ஆடலாம் என்று பதிப்பாளரே அறிவித்திருக்கிறார்.

கேள்வி: ஆர்வமுள்ள வாடிக்கையாளர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். அதே நூலை நாங்கள் வாங்கி வைப்பதில் பொருளுண்டா?

அந்த நூலைக் கொண்டு உங்கள் கடையில் ஆட்டம் நடத்த ஒருவர் முன்வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கூட்டுநிதியில் பங்கேற்றவர்கள்தான் அதன் முதல் ரசிகர்கள். கடையில் வாங்கப்போகிறவர்கள் அவர்களுடன் ஆடிப் பார்த்த நண்பர்கள். பல திட்டங்களில் கடைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதில் சேருமுன், நூல் ஆதரவாளர்களுக்குச் சேரும் அதே காலத்தில் உங்களுக்கும் வருமா, முன்பணம் எவ்வளவு காலம் முடங்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: மேசைக்குக் கட்டணம் வாங்கலாமா?

வாங்கலாம். அத்தொகையை முழுவதுமாக அன்று அவர்கள் வாங்கும் பொருளின் விலையில் கழித்துக்கொடுங்கள். அப்போது அது நுழைவுக் கட்டணமாகத் தோன்றாது; பகடையாவது வாங்கிச் செல்வார்கள்.

கேள்வி: சிறு பதிப்பாளர்களின் நூல்கள் மீது எனக்குப் பற்று அதிகம். எத்தனை தலைப்புகள் வைக்கலாம்? பிடிஎஃப் கிடைக்கும்போது அவற்றை யார் வாங்குவார்கள்?

உங்கள் பற்றை மதிக்கிறேன். இந்தத் துறையின் உயிர்ப்பு பெருமளவு அந்தச் சிறு நூல்களில்தான் இருக்கிறது. ஆயினும் முன்பு சொன்னபடி 55க்கு வாங்கி 100க்கு விற்கும் ஒரு பிரதி ஆண்டுக்கு நான்கு முறை விற்று நிரப்பப்பட்டால் 180 ஈட்டுகிறது. இரண்டு ஆண்டுகளில் ஒரே முறை விற்றால் ஆண்டுக்கு இருபத்திரண்டரைதான். அலமாரியில் இரண்டும் அடைக்கும் இடம் ஒன்றே. புத்தகக் கடைகளுக்கு உள்ள திருப்பி அனுப்பும் வசதி விளையாட்டு விநியோகத்தில் பெரும்பாலும் கிடையாது என்பதால், தவறான தேர்வு உங்களோடேயே தங்கிவிடும். திருப்பி அனுப்பும் முறையும் இத்துறையைக் காயப்படுத்தியதுண்டு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் நிறுவனமான டிஎஸ்ஆர், புத்தகச் சந்தையிலிருந்து திரும்பி வந்த சரக்கின் சுமையாலும் 1996இல் தள்ளாடி, 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

நீங்களோ உங்கள் கடையின் கேம் மாஸ்டர்களோ ஆடிப் பார்த்து, வருபவரிடம் இரண்டு நிமிடம் பேசத் தெரிந்த தலைப்புகளை மட்டும், ஒரு பிரதி வீதம் வையுங்கள். பிடிஎஃப் குறித்து அஞ்ச வேண்டியதில்லை: பிட்ஸ் அண்ட் மார்ட்டர் என்ற ஏற்பாட்டில் இணைந்துள்ள பதிப்பாளர்களின் அச்சு நூலை நேரடிக் கடையில் வாங்குபவருக்கு, அதன் பிடிஎஃப் கூடுதல் விலையின்றிக் கிடைக்கும். கடைகள் அதில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தபின், எந்தெந்த நூல்களுக்கு அச்சலுகை உண்டு என்ற சிறு அட்டையை அந்த நூல்களின் மேலேயே ஒட்டிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.