அல்பைசின் தோட்டங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரனாடா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்பெயின் போனபோது மகனுடன் அங்கும் தங்கினேன். மேட்டில் இருக்கும் அல்பைசின் பகுதி அரபுகள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. வளைந்து ஏறும் சந்துகள், வெள்ளை மதில்கள், மதிலுக்குள் தோட்டவீடுகள். கீழே இறங்கினால் கிரான் வியா என்று பாரிஸைப் பார்த்துப் போட்ட நேர்ச்சாலை. இப்படி ஓர் ஊரைப் பாதி காப்பாற்றி, பாதி இடிக்க எப்படி மனம் வந்தது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கீழே இடித்தது கண்ணுக்குத் தெரிகிறது. மேலே நடந்தது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ரசித்த தோட்டவீட்டை அங்கே கார்மென் என்பார்கள். அரபு ஆட்சியின் கடைசிக் காலத்தில் அல்பைசினுக்குள் இத்தனை தோட்டத்துக்கு இடம் கிடையாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற பகுதி அது. சந்து முனைகளில் செங்கல் வளைவு வைத்த குட்டி வாசல்களைக் கவனித்திருப்பீர்கள். அவை அல்ஹிபே எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகள். அல்பகார் ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் அவற்றில் நிரம்பும். பெரும்பாலும் ஒரு மசூதியை ஒட்டி ஒரு தொட்டி. இன்றும் இருபதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. இவ்வளவு சின்னப் பகுதிக்கு இத்தனை தொட்டி என்றால் எவ்வளவு பேர் குடித்திருக்க வேண்டும்!

1492 ஜனவரியில் நகரம் இசபெல்லா, பெர்டினாண்ட் எனும் கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. அவரவர் மதம் அவரவருக்கு என்றுதான் உடன்படிக்கை. பத்து வருடம்கூட அது தாங்கவில்லை. கட்டாய மதமாற்றம் வந்தது, மசூதிகள் தேவாலயங்களாயின. அல்பைசினின் பெரிய மசூதி இருந்த இடத்தில் இப்போது சான் சல்வதோர் தேவாலயம். தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் பலர். அதை ஒட்டிய முற்றம் மசூதியுடையது. லாட வளைவுகள் அப்படியே நிற்கின்றன.

1568 கடைசியில் அல்புஹாரா மலைக் கிராமங்களில், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் கலகம் செய்தார்கள். அல்பைசின்காரர்கள் பெரும்பாலும் அதில் சேரவே இல்லை. ஆனாலும் 1569 ஜூனில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பெலிப்பேயின் ஆணை வந்தது. பத்து வயது முதல் அறுபது வயது வரை உள்ள ஆண்கள் அவரவர் பங்குக் கோயிலில் கூட வேண்டும். பாட்டனார் தொழுத இடத்திலேயே கூட்டிவைத்து, அங்கிருந்து அரச மருத்துவமனைக்கு நடத்திப்போய், ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அந்த வீடுகளை நிரப்ப வெளியிலிருந்து போதுமான ஆள் வரவில்லை. கூரை விழுந்தது, சுவர் சரிந்தது. மிச்சமிருந்தவர்கள் பக்கத்து மனைகளையும் சேர்த்து மதில் எழுப்பி மரம் நட்டார்கள். நீங்கள் பார்த்த தோட்டங்களில் பல அப்படி உண்டானவை. காப்பாற்றியது என்று எதைச் சொல்வது?

கிரான் வியா கதை சர்க்கரைக் கதை. 1880களில் நகரத்தைச் சுற்றிய வேகா எனும் சமவெளி வயல்களில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வந்தது, ஆலைகள் வந்தன, கையில் பணம் புரண்டது. 1895இல் பழைய நகரின் நடுவே கிட்டத்தட்ட 800 மீட்டருக்குக் கோடு கிழித்து இடிக்கத் தொடங்கினார்கள். சுகாதாரம் என்பது சொல்லப்பட்ட காரணம். 1898இல், கரும்புச் சர்க்கரை தந்த காலனியான கியூபா ஸ்பெயினின் கைவிட்டுப் போனதும் உள்நாட்டுச் சர்க்கரைக்கு இன்னும் மவுசு கூடியது. பளபளக்கும் அந்தக் கட்டடங்களில் பல அந்தப் பணத்தில் எழுந்தவை.

அந்த ஊர் எழுத்தாளரான ஆங்ஹெல் கனிவெத் இதை அப்போதே எதிர்த்தார். சாலையை அகலமாக்கும் ஆசையைத் தொற்றுநோய் என்றார்; வெயில் ஊரில் குறுகிய தெருதான் நிழல் என்பது அவர் வாதம். ஆகஸ்ட் மதியம் கிரான் வியாவில் நடந்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார். என் வருத்தமும் அங்கேதான். பாணி பாரிஸுடையது என்பதில் எனக்குப் பெரிய புகார் இல்லை.

அப்புறம், ஒரு பகுதியை நீங்கள் குறிப்பிடவே இல்லை. பயணிகள் போவதும் இல்லை. தெற்கே, ஹெனில் ஆற்றைத் தாண்டி சைதீன். 1950களிலிருந்து வேகா வயல்மேல் தொழிலாளர்களுக்காக எழுந்த அடுக்கு வீடுகள். 1963 வெள்ளத்தில், அல்பைசினை அடுத்த சாக்ரொமொன்டே குன்றின் குகை வீடுகள் இடிந்தபோது, அங்கிருந்த ஏழைகளை மேட்டிலிருந்து இறக்கி, இப்படி நகரத்தின் விளிம்புகளில் குடியேற்றினார்கள். இன்று அதே குகைகளில் ப்ளாமென்கோ ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.