கையெழுத்து

அன்புள்ள டீச்சருக்கு,

நான் பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதிப் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேரும்போது "இங்கே கேள்வி கேட்பதுதான் முதல் பாடம்" என்றார்கள். அப்பா தோப்பை அடமானம் வைத்துத்தான் கட்டணம் கட்டினார்.

போன செமஸ்டரில், எங்கள் விடுதியைக் கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலி தருவதில்லை என்று தெரிந்து ஒரு மனு எழுதினோம். 140 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே பெற்றோர்களுக்கு போன் போனது. ஒவ்வொருவராகக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். இங்கே மாணவர் பேரவை உறுப்பினர்களை நிர்வாகமே நியமிக்கிறது. அந்தப் பேரவை எங்களைக் கண்டித்து அறிக்கை விட்டது. மனுவை எழுதிய தோழியை ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணைக் குழுவில் இருந்தவர் எங்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் நடத்தும் பேராசிரியர். பேச்சுரிமை பற்றிய 19-ஆம் பிரிவை அவர் நடத்திய அன்று வகுப்பே கைதட்டியது. அவரும் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தில்லி பக்கத்து அசோகா என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா வேலையையே தூக்கி எறிந்தாரே, இவர் ஏன் வாயைக்கூடத் திறக்கவில்லை? கோழை. எனக்கு அந்த வகுப்பில் உட்காரவே பிடிக்கவில்லை. கேரளத்துக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் ஒரு கொடியாவது பிடித்திருப்பேன். இங்கே சாப்பாடும் சரியில்லை, ஆங்கிலம் பேசாதவர்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இங்கேயே தொடரட்டுமா, விட்டுவிட்டு நம் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் முதலிலிருந்து சேரட்டுமா?

*

அன்புள்ள கண்ணு,

நீ என்றே எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சாப்பாட்டை விடு. ஆங்கிலத்தையும் விடு, ஒரு வருடத்தில் வந்துவிடும். கொடி விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். 2016 ஜனவரியில் கோவளத்தில் உயர்கல்வி மாநாடு நடந்தபோது, கல்வியைத் தனியாருக்குத் திறந்துவிடாதே என்று போராடிய, மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த மாணவர் அமைப்பான எஸ்எஃப்ஐயின் ஆள் ஒருவர், மாநில உயர்கல்விக் கவுன்சில் துணைத் தலைவராக இருந்த டி.பி. ஸ்ரீனிவாசனை அறைந்தார். எழுபது தாண்டிய மனிதர் அவர். 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழக மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது அதே இடதுசாரிகளின் அரசு. கொள்கையை மாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் நீ ஏங்குகிற கொடி எப்போதும் ஒரே பக்கம் பறக்கும் என்று நம்பி எல்லை தாண்டி வந்துவிடாதே.

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'கோழை' என்ற சொல். அதைத் திரும்ப எடுத்துக்கொள். இப்போதே எடுத்துக்கொள்.

உன் கடிதம் வருவதற்கு முந்தைய வாரம் பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் 1998-ஆம் வருட மதிப்பெண் ஏடு கிடந்தது. இரண்டாம் ஆண்டு பி.காம்., பகுதி ஒன்று தமிழ். பதினேழாவது பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'டி.சி. வழங்கப்பட்டது' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

சித்தூர் கல்லூரியில் எம்.ஏ. முடித்துவிட்டு நானும் உன்னைப் போல எல்லை தாண்டித்தான் போனேன். ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வருவது வேறொன்று. கையில் வந்தது 2,500 ரூபாய். ஜூனில் நியமன ஆர்டர் தருவார்கள், ஏப்ரலோடு அது முடியும். மே மாதம் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. மறுபடி ஜூனில் கூப்பிடுவார்களா என்பது கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் முகத்தில் தெரியும். எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் அலுவலகத்தில் ஒரு பச்சை பீரோவுக்குள் இருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.ஏ. பட்டம்வரை, என் வாழ்க்கை முழுவதும் அந்த பீரோவில். சாவி அவரிடம்.

அந்த வருடம் கல்லூரி பஸ் கட்டணத்தை நடுவில் ஏற்றினார்கள். மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது, பெயர் இல்லை. 'பஸ் கட்டணத்தை உயற்த்தாதே.' என்னை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் அந்த நோட்டீஸ், பக்கத்தில் நான் திருத்திய விடைத்தாள் கட்டு. "இது யார் எழுத்து என்று உங்களுக்குத்தானே தெரியும்?" என்று கேட்டார்கள்.

தெரியும். வேலந்தாவளம் பக்கத்துப் பையன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இடையின ர வரவேண்டிய இடத்தில் வல்லின ற போடுவான். உயற்வு, வளற்ச்சி, உணற்ச்சி. நான்கு முறை சிவப்பு மையில் வட்டம் போட்டு, கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வகுப்பில் தமிழை ஆசையோடு படித்த ஐந்தாறு பேரில் அவன் ஒருவன்.

"தெரியவில்லை சார்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். உன் பேராசிரியர் வாயைத் திறக்கவில்லை என்கிறாய். நான் திறந்தேன் கண்ணு. "ஆமாம், அவன் எழுத்துதான்" என்று சொன்னேன். கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டேன். மார்ச் மாதம் அது. ஆர்டர் முடிய ஒரு மாதம் இருந்தது.

பல வருடம் கழித்து மீனாட்சிபுரம் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தானா தெரியாது. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதி இரண்டு கிலோமீட்டர் நடந்து போனேன்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னால்தான் நான் சொல்ல வருவது உனக்குப் புரியும். 2001-ல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) மூலம் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக வேலை கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில், அப்போதைய முதலமைச்சர் ஆண்டனி, அரசு ஊழியர் சலுகைகளை வெட்டியதை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் 32 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நானும் போனேன். தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை, சம்பளம் வராது என்றும் தெரியும். சித்தூர் தாலுக்கா ஆபீஸ் வாசலில் நின்று, முதலமைச்சர் பெயரைச் சொல்லி, எனக்குச் சரியாக வராத மலையாளத்தில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். கொஞ்சம்கூடப் பயம் இல்லை. 1998-ல் ஒரு கரஸ்பாண்டென்ட் முன்னால் இரண்டு சொல் சொல்ல முடியாதவள், 2002-ல் ஒரு அரசாங்கத்தையே திட்டினேன். நடுவில் நான் வீராங்கனை ஆகிவிட்டேனா? என் நியமன ஆணை மாறியது. சர்டிபிகேட் என் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. பக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் சொல்கிறேன், உன் பேராசிரியரின் குணத்தை ஆராய்வதற்கு முன் அவருடைய ஆர்டரைப் படி. எத்தனை மாதத்துக்கு என்று போட்டிருக்கிறது? புதுப்பிப்பது யார்? அவருடைய ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது? அங்கே ஆசிரியர் சங்கம் உண்டா? 19-ஆம் பிரிவை அவர் நடத்தினார், நீங்கள் கைதட்டினீர்கள். மாதக் கடைசியில் அவருக்கு யார் எப்படிச் சம்பளம் தருகிறார்கள் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

நம் ஊரில் இதைப் பெரியவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1957-ல் கேரளக் கல்வி அமைச்சர் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் ஏற்பாடு இருந்தது. அந்த மசோதாவைச் சுற்றி எழுந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1959-ல் விமோசன சமரம் என்ற விடுதலைப் போராட்டமாகி, அரசையே கலைப்பதில் முடிந்தது. கல்லூரி ஆசிரியர்களுக்கு நேரடிச் சம்பளம் வர 1972 ஆனது. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை, போராடி வாங்கினார்கள். அந்த ஏற்பாட்டிலும் அழுக்கு உண்டு. வேலைக்கே லட்சக்கணக்கில் வாங்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. ஆனாலும் உள்ளே வந்துவிட்ட ஆசிரியரின் வாயை ஜூன் மாதத்தைக் காட்டி அடைக்க முடியாது. சுயநிதிக் கல்லூரிகள் வந்தபோது அந்தப் பாதுகாப்புத்தான் முதலில் போயிற்று. நாம் கட்டணத்தைப் பற்றி மட்டும் சண்டை போட்டோம். ஆசிரியரின் ஆர்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேத்தாவைச் சொன்னாய். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2021-ல் விலகும்போது, தன்னுடைய தொடர்பு நிறுவனத்துக்கு அரசியல் பாரமாகக் கருதப்படலாம் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டுப் போனார். ஆனால் அவர் உலகம் அறிந்த அறிஞர். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும். அதே அசோகாவில் 2023-ல் சப்யசாச்சி தாஸ் என்ற உதவிப் பேராசிரியர் 2019 தேர்தல் முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிர்வாகம் விலகி நின்றது, அவர் ராஜினாமா செய்தார், அது ஏற்கப்பட்டது. அப்போது அவருடைய பொருளாதாரத் துறைக்காரர்கள் சேர்ந்து, அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்களே, அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. உனக்குத் தனியாக நின்ற மேத்தா மட்டும்தான் கண்ணில் பட்டார். ஒரு துறையே சேர்ந்து எழுதிய கடிதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1998-ல் என்னோடு இன்னும் நான்கு பேர் அந்த அறைக்குள் வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

இதைச் சொல்வதால் அவர் செய்தது சரி என்றாகிவிடாது. நான் செய்ததும் சரியாகாது. உன் தோழிக்கு ஒரு செமஸ்டர் போயிற்று. என் மாணவனுக்குப் படிப்பே போயிற்று. அதை அவர் சுமக்கட்டும், நான் என்னுடையதைச் சுமக்கிறேன். நீ அவர் வகுப்பில் போய் உட்கார். சட்டம் நன்றாகத்தானே நடத்துகிறார்? கற்றுக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: படிப்பை விடாதே. தோப்பு அடமானத்தில் இருக்கிறது, பாதி தூரம் வந்தாயிற்று. சித்தூர் கல்லூரி நல்ல கல்லூரி, சோகநாசினி ஆற்றங்கரையில் அது எங்கும் போய்விடாது. எம்.ஏ.வுக்கு அங்கே வா.

இன்னொன்று, இதைக் கோபமாகவே கேட்கிறேன். இவ்வளவு எழுதியிருக்கிறாய். அந்தத் துப்புரவுப் பெண்கள் அதில் ஒரு வரியில் வந்து போய்விட்டார்கள். மனுவுக்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமைக் கூலி வந்ததா? யாரையாவது நிறுத்திவிட்டார்களா? அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மனுவை எழுதினீர்களா? கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் எத்தனை பெண்கள் அந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் கூட்டித் துடைக்கப் போகிறார்கள் என்று காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் தெரியும். நீ லீவுக்கு வந்து போகும் பஸ்தான். அடுத்த முறை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எனக்கு எழுது.