மறதி: நீலகிரி வாசகர் கேள்விகள், முதியோர் நல மருத்துவர் பதில்கள்

குன்னூர்: அப்பாவுக்கு 71. தெரிந்தவர் பெயர்கூடச் சட்டென்று வருவதில்லை. அல்சைமரா டாக்டர்?

கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்துவிட்டால் பெரும்பாலும் வயதுதான். முதலில் குறைவது வேகமும், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்கும் திறனும். டிவி ஓடும்போது சொன்னது மனதில் ஏறியே இருக்காது. ஏறாதது எப்படி நிற்கும்? டிவியை அணைத்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள். பழகிய பாதையில் வழி தப்பினாலோ, பணக்கணக்கு குழம்பினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோத்தகிரி: அம்மாவுக்கு 68. ஆறு மாதமாக மறதி, சோர்வு. 9 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின்.

முதலில் வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை. மெட்ஃபார்மின் நாள்பட்டால் உடலில் பி12 சேர்வது குறையும். அசிடிட்டிக்குப் போடும் பான்டோபிரசோலும் அப்படித்தான். மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு; 200–300 சந்தேகக் கணக்கு. பி12 குறைவால் வந்த ரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்புச் சேதம் தொடரும்.

வீட்டு மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், இரண்டுமே முதியவர் மூளையை மந்தமாக்கும். அல்பிரசோலத்தை மட்டும் திடீரென நிறுத்தாதீர்கள்.

கூடலூர்: வல்லாரை?

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசி. மறதியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஊட்டி: பாட்டி இரண்டு நாளாக ஆள் தெரியாமல் பேசுகிறார். ராத்திரி குளிருக்கு அறையில் கரிக்கங்கு போட்ட கரிச்சட்டி வைக்கிறோம்.

திடீரென்று வந்தால் அது வயது மறதி இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, கரிச்சட்டியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு, எதுவாகவும் இருக்கலாம். இப்போதே ஆஸ்பத்திரி, கரிச்சட்டி விஷயத்தை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

மஞ்சூர்: தாத்தா காலத்திலிருந்து வைக்கிறோமே? புகை அடங்கி, கங்கு சிவந்த பிறகுதான் உள்ளே எடுப்போம்.

தாத்தா வீட்டு ஓட்டில் இடுக்கு இருந்தது. இப்போது கான்கிரீட்டும் இறுக மூடும் கண்ணாடி ஜன்னலும். சிவந்த கங்கில் புகைதான் இல்லை. கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமும் வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். பிழைத்துத் தேறியவருக்கும் சில வாரம் கழித்து நினைவு தடுமாறலாம்.

மஞ்சூர்: ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தால்?

போதாது. குளிர் காய்வது வாசலில். படுக்கும் அறைக்குக் கம்பளித் தொப்பி, சாக்ஸ், துணி சுற்றிய வெந்நீர்ப் பை.

குன்னூர்: வல்லாரை மாத்திரை, டாக்டர்?

மேலே சொல்லியாயிற்று. வாங்கிவிட்டீர்களென்றால் அதையும் அந்தப் பையிலேயே போடுங்கள்.