1765 என்று சொல்லி விற்கப்படும் மகோகனிக் கடிகாரத்தை வாங்கலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில், ஏழரை அடி உயர மகோகனிப் பெட்டியில் அமைந்த கிராண்ட்ஃபாதர் கடிகாரம் ஒன்று விற்பனைக்கு உள்ளது. வெள்ளை வர்ணம் பூசிய டயலில் ரோஜாப் பூக்களும் லிவர்பூல் கடிகாரக்காரர் ஒருவரின் பெயரும் காணப்படுகின்றன. 1765இல் முழுவதும் அவரே செய்தது என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்லும் ஆண்டும் அந்த டயலும் ஒத்துப்போகவில்லை. வர்ணம் பூசிய இரும்பு டயல்களை ஆஸ்போர்ன், வில்சன் என்னும் கூட்டாளிகள் பர்மிங்ஹாமில் விளம்பரம் செய்து விற்கத் தொடங்கியதே 1772இல்தான். அதுவரை இத்தகைய கடிகாரங்களுக்குப் பித்தளை டயலே வழக்கம். ஆகவே, ஒன்று, கடிகாரம் அவர் சொல்வதைவிடப் பிற்காலத்தது. அல்லது, பித்தளை டயலைக் கழற்றிவிட்டு இதைப் பின்னாளில் பொருத்தியிருக்கிறார்கள். முதலாவது என்றால் விலையைப் பேசிக் குறைக்கலாம். இரண்டாவது என்றால் வேறு கடிகாரம் பார்ப்பதே நல்லது.

இதை அறிய, டயலை மூடியிருக்கும் கண்ணாடிக் கதவுள்ள மேற்கூட்டை முன்புறமாக இழுத்துக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வர்ண டயலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பல கடிகாரங்களில் ஓர் இரும்புத் துணைத்தகடு இருக்கும். டயல் செய்த பர்மிங்ஹாம் பட்டறையின் பெயர் அதில் வார்ப்பெழுத்தில் இருப்பதுண்டு. இயந்திரத்தின் முன்தகட்டில் எதற்கும் பயன்படாத, அல்லது அடைக்கப்பட்ட துளைகள் தென்பட்டால், வேறொரு டயல் அங்கே இருந்தது என்று கருத இடமுண்டு. இயந்திரத்தைத் தாங்கும் பலகை புதியதாக இருப்பது மட்டும் குற்றமல்ல, அது நேர்மையான பழுதுபார்ப்பாக இருக்கலாம். ஆனால் டயலின் உயரம் மேற்கூட்டின் திறப்போடு பொருந்துவதற்காக அடியில் கட்டைகள் செருகியிருந்தால், பெட்டி ஒரு கடிகாரத்துடையது, இயந்திரம் இன்னொன்றுடையது என்றே சந்தேகிக்க வேண்டும்.

'முழுவதும் அவரே செய்தது' என்பது விற்பனைப் பேச்சு. அக்காலத்தில் பெட்டியைச் செய்தவர் தச்சர். சக்கரங்களும் பிற உதிரிகளும் லங்காஷையரில், குறிப்பாகப் பிரெஸ்காட் வட்டாரத்தில், தயாராகிப் பல ஊர்களுக்குச் சென்றன. டயலில் உள்ள பெயர் அவற்றை இணைத்து முடித்தவருடையதாகவோ, வெறுமனே விற்றவருடையதாகவோ இருக்கலாம். பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய பெயர் என்றால் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை: லண்டனின் புகழ்பெற்ற கடிகாரக்காரர் தாமஸ் டோம்பியன் 1713இல் இறந்தார், கடிகாரப் பெட்டிகளுக்கு மகோகனி பரவலானதோ அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான்.

காலம், டயலும் பெட்டியும் அசலா, செய்த பழுதுகள் என்னென்ன என்பவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வணிகரிடம் வாங்கும் பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம்; நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.